கிட்டத்துப் பூ, எட்டத்துப் பறவை: 8×32 இருநோக்கியுடன் ஒரு கோடை இறுதி

புதிதாக வாங்கிய இருநோக்கியைப் பறவை நோக்குபவர்கள் பெரும்பாலும் வசந்த காலத்தில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆண்பறவைகள் முழு நிறத்தோடு கிளை நுனியில் அமர்ந்து பாடும் அந்தப் பருவத்தில் எந்த இருநோக்கியும் நல்ல இருநோக்கியாகவே தோன்றும். நான் வாங்கிய 8×32 இருநோக்கியை ஜூலை கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் முடியும்வரை, அதாவது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கோடை முதிர்ந்து முடியும் இரண்டு மாதங்களும், வாரத்துக்கு மூன்று நாள் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பாட்டு அடங்கி, இறகு உதிர்ந்து, இலை அடர்ந்து, பறவையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும் மாதங்கள் அவை. அதே மாதங்களில்தான் ஓடைக்கரைகளும் உழாமல் விட்ட வயல்களும் காட்டுப்பூக்களால் நிறைகின்றன. எங்கள் பகுதியில் ஏழெட்டு இயற்கை நோக்கர்கள் சேர்ந்து நடக்கும் பாதையில் ஒரு சேற்றுக்குளமும், ஓர் ஓடையும், முட்செடி மண்டிய ஒரு வயலும் அடுத்தடுத்து வருகின்றன. அறுபது மீட்டர் தூரத்து உள்ளானையும் காலடியில் இருக்கும் பூவையும் ஒரே கருவியால் பார்க்க வேண்டியிருக்கும் அந்தப் பாதையைவிடக் கடுமையான சோதனைக்களம் ஓர் இருநோக்கிக்கு வாய்க்காது என்று நினைக்கிறேன்.

இந்த அளவு இருநோக்கியைப் பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் தயாரிக்கின்றன. ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட அளவுகளைச் சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். உருப்பெருக்கம் எட்டு மடங்கு. முன்பக்க வில்லையின் விட்டம் 32 மில்லிமீட்டர். ஆயிரம் மீட்டர் தூரத்தில் 140 மீட்டர் அகலம் கண்ணுக்குள் அடங்குகிறது, அதாவது எட்டுப் பாகை. எடை அரை கிலோவைச் சற்றுத் தாண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளின்மீதும் இது தெளிவாகக் குவிகிறது. இதற்குமுன் பல ஆண்டுகள் நான் வைத்திருந்தது 10×42. அது நல்ல கருவிதான். ஆனால் மூன்று மீட்டருக்குள் வரும் எதுவும் அதற்குக் கலங்கலாகத்தான் தெரியும். அந்த மூன்று மீட்டருக்குள் எத்தனை விஷயங்களை ஆண்டுதோறும் தவறவிட்டிருக்கிறேன் என்பது இந்த ஆகஸ்டில்தான் எனக்குப் புரிந்தது.

உள்ளமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற முப்பட்டக அமைப்பைக் கொண்ட பழைய இருநோக்கிகள் தோள் அகன்று காணப்படும். இது அந்த வகை அன்று. நேர்க்குழாய் வடிவில் அமைந்த கூரை முப்பட்டக வகை. கூரை முப்பட்டகத்தில் ஒளி இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும்போது அலைகள் சற்றுப் பிசகி, நுட்பமான விவரங்கள் மங்கிப் போகும். அதைச் சரிசெய்யும் பூச்சை 1988-இல் ஜெர்மனியின் சைஸ் (Zeiss) நிறுவனம் அறிமுகப்படுத்திய பிறகுதான் இந்த மெலிந்த வடிவம் பழைய வடிவத்தோடு தெளிவில் போட்டியிட முடிந்தது. நான் வாங்கியதில் அந்தப் பூச்சு இருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் கையேட்டில் இதைத் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மலிவான கருவிகளில் முதலில் விட்டுவிடப்படுவது இதுதான்.

இனி, கிட்டத்துக் குவியம். எட்டு மடங்கு பெருக்கும் கருவியால் ஒன்றரை மீட்டர் தூரத்துப் பொருளைப் பார்ப்பது, அதை ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் தூரத்தில் கண்முன் பிடித்துப் பார்ப்பதற்குச் சமம். பூவைப் பார்க்க இருநோக்கி எதற்கு, குனிந்து பார்த்தால் ஆகாதா என்று எங்கள் குழுவிலேயே ஒரு அக்கா கேட்டார். வசந்தத்தில் அந்தக் கேள்வி சரிதான். கோடை இறுதியில் பாதையை விட்டு ஓரடி விலகினாலும் பாய்சன் ஐவி என்ற கொடி உரசித் தோல் கொப்பளிக்கும். உயரமான புல்லில் உண்ணிகள் காலில் ஏறக் காத்திருக்கும். ஓடைக்கரைச் சேறு முழங்கால்வரை இழுக்கும். அதோடு, பூவை நெருங்கிய உடனே அதன்மேல் இருக்கும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் பறந்துவிடும். பாதையிலேயே நின்றபடி, செடியை மிதிக்காமல், பூச்சியைக் கலைக்காமல், பூவுக்குள் எட்டிப் பார்க்க இந்தக் கருவி இடம் கொடுக்கிறது. அந்த அக்காவும் ஒரு முறை வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பித் தரச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வயலோரத்தில் திசில் என்னும் முட்செடிகள் பூத்து முடிந்து, தலைகள் வெடித்து, எருக்கம் பஞ்சு போல வெண்பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு செடியின்மீது ஆண் கோல்டுஃபிஞ்ச் ஒன்று, மஞ்சள் உடலும் கறுப்பு நெற்றியுமாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற சிறு பறவைகளில் பெரும்பாலானவை கூடு முடித்து வண்ணம் இழந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் அமெரிக்கக் கோல்டுஃபிஞ்ச் குஞ்சு வளர்க்கிறது. திசிலும் மில்க்வீட் என்ற செடியும் விதை முற்றும்வரை அது காத்திருக்கும். அந்தப் பஞ்சைக் கூட்டின் உள்மெத்தைக்கும், விதையைக் குஞ்சின் இரைக்கும் எடுத்துக்கொள்ளும். புழு பூச்சியை நம்பாமல் ஏறக்குறைய முழுவதும் விதையையே ஊட்டி வளர்ப்பதால், தன் முட்டையை இதன் கூட்டில் வைத்துவிட்டுப் போகும் கௌபேர்டின் குஞ்சு இங்கே பிழைப்பதில்லை. நான் பார்த்த பறவை அலகால் ஒரு கொத்துப் பஞ்சை இழுத்து, அதன் அடியில் இருந்த விதையை மட்டும் நெருடி எடுத்துக்கொண்டு, பஞ்சை விட்டுவிட்டது. அது காற்றில் மிதந்து பாதைக்கு வந்தது. எட்டு மடங்கில், எட்டுப் பாகை அகலத்தில், பறவையும் அது உதறிய பஞ்சும் அடுத்த செடியில் காத்திருந்த பெண்பறவையும் ஒரே வட்டத்துக்குள் அடங்கியிருந்தன.

பறவை பறந்தபின், பாதைக்கு மிக அருகே இருந்த மற்றொரு திசில் தலைமீது குவியச் சக்கரத்தைத் திருப்பினேன். அதே பாதையில் எத்தனையோ ஆண்டுகளாக நடக்கிறேன். அந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் கிளைத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். ஒரு குட்டி இறகு போல, நடுத்தண்டின் இரு பக்கமும் மயிரிழைகள். திசில் என்று பொதுப்பெயரில் அழைக்கப்படும் செடிகளில் சிர்சியம் என்ற பேரினத்தின் பஞ்சு இப்படி இறகு போலக் கிளைத்திருக்கும். கார்டியூஸ் என்ற பேரினத்தின் பஞ்சு கிளையற்ற வெறும் மயிராக இருக்கும். களக் கையேட்டில் பலமுறை படித்த வேறுபாடு இது. கையில் பறித்து, கைலென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். முள் குத்தாமல், விதையைப் பறிக்காமல் அது தெரிந்தபோது, வாங்கியது சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் கிட்டத்தில் பார்ப்பதற்குப் பழக்கம் வேண்டும். இரண்டு குழாய்களும் இணையாக இருப்பதால், பொருள் மிக அருகே இருக்கும்போது இடக்குழாய் பார்ப்பதும் வலக்குழாய் பார்ப்பதும் ஒன்றாகப் பொருந்துவதில்லை. ஒரு வட்டத்துக்குப் பதில் இரண்டு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரியும், கண்ணும் வலிக்கும். குழாய்களைச் சற்று நெருக்கிப் பிடித்தால் ஓரளவு சரியாகும். அதுவும் போதாதபோது நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன். இரண்டு மீட்டருக்கு அப்பால் இந்தத் தொந்தரவு இல்லை. ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் ஒன்றரை மீட்டரை இரண்டு மீட்டர் என்று எடுத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. பூவும் பூச்சியும்தான் முதன்மை, பறவை இரண்டாம் பட்சம் என்பவர்களுக்குப் பென்டாக்ஸ் பாப்பிலியோ என்ற சிறிய இருநோக்கி இருக்கிறது. குவியம் அருகே வரும்போது அதன் முன்வில்லைகள் தாமே ஒன்றையொன்று நெருங்குவதால் அரை மீட்டர் வரை இரு கண்ணாலும் பார்க்க முடியும். அதன் முன்வில்லை 21 மில்லிமீட்டர்தான் என்பதால், காட்டு நிழலில் பறவை பார்க்க நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓடைக்கரையில் இந்தக் கருவிக்கு இருந்த வேலை வேறு. அங்கே ஜுவல்வீட் என்ற செடி இடுப்பளவு வளர்ந்து, கம்மல் போல ஆரஞ்சுப் பூக்களைத் தொங்கவிட்டிருந்தது. நம் காசித்தும்பையின் பேரினத்தைச் சேர்ந்த செடிதான் அது. முற்றிய காயைத் தொட்டவுடன் சுருண்டு வெடித்து விதையைத் தெறிக்கும் வழக்கமும் அப்படியே இருக்கிறது. பூவின் பின்புறம் வால் போல வளைந்த ஒரு சிறு குழல் உண்டு. தேன் இருப்பது அதற்குள். செம்மணிக் கழுத்து ஹம்மிங்பேர்டு அந்தக் குழலைத் தேடித்தான் வருகிறது. மூன்று கிராம் அளவே எடையுள்ள அந்தப் பறவை, வலசைக்குமுன் கொழுப்புச் சேர்த்து ஏறத்தாழ இரு மடங்கு எடையாகி, அவற்றில் பல மெக்சிகோ வளைகுடாவை எண்ணூறு கிலோமீட்டர் அளவுக்கு நிற்காமல் கடக்கின்றன. அதற்கான எரிபொருள் இந்தப் பூக்களிலிருந்தும், அவற்றைச் சுற்றும் சின்னஞ்சிறு பூச்சிகளிலிருந்தும் சேர்கிறது.

ஹம்மிங்பேர்டைத் தொடர்வதில் உருப்பெருக்கத்தைவிடக் குவியச் சக்கரம்தான் சோதிக்கப்படுகிறது. நான்கு மீட்டரில் ஒரு பூவில் இருக்கும். அடுத்த கணம் எட்டு மீட்டரில் இருக்கும். அதற்குள் மற்றொரு பறவை வந்து விரட்ட, இரண்டும் தலைக்குமேல் போய்விடும். என் பழைய கருவியில் சக்கரத்தை இரண்டு சுற்றுக்குமேல் திருப்ப வேண்டியிருந்ததால், பறவை போனபின்தான் பூ தெளிவாகும். இதில் மிக அருகிலிருந்து முடிவிலி வரை ஒரு சுற்றும் கால்சுற்றும்தான். அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு: தூரத்தில் சக்கரம் இம்மி நகர்ந்தாலும் தெளிவு போய்விடுகிறது. முதல் வாரம் முழுவதும் விரல் தடுமாறியது, பிறகு பழகிவிட்டது. எட்டுப் பாகை அகலமும் இங்கே பெரிய உதவி. பறவை வட்டத்தை விட்டு வெளியேறுவதற்குமுன் அரை நொடியாவது கூடுதலாகக் கிடைக்கிறது, ஹம்மிங்பேர்டுக்கு அந்த அரை நொடி போதும்.

கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூச்செடியைப் பற்றி ஒரு பத்தி ஒதுக்காமல் இந்தப் பருவத்தைப் பற்றி எழுத முடியாது. செப்டம்பர் முதல் வாரத்தில் எங்கள் வயல் முழுவதும் அதுதான். அது பூக்கும் நேரத்தில் தும்மலும் கண்ணரிப்பும் வருவதால் பலர் அதைக் குறை சொல்கிறார்கள். அதன் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை கொண்டது, பூச்சியின் உடலில் ஏறித்தான் போகும். காற்றில் பறந்து மூக்கில் ஏறுவது அதே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பூக்களோடு பக்கத்திலேயே நிற்கும் ராக்வீட் செடியின் மகரந்தம். இதை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது எனக்கு, ஏனெனில் தவறான பழியால் வெட்டப்படும் செடி அது, அதன் மஞ்சளை நம்பித்தான் அத்தனை தேனீக்களும் குளவிகளும் பருவத்தின் கடைசி உணவைச் சேர்க்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ள இந்தப் பேரினத்தைப் பிரித்தறிய, பூவைவிட இலை நரம்பும் தண்டின் மயிரும்தான் உதவும். இலையில் நடுநரம்போடு சேர்ந்து இரண்டு பக்க நரம்புகள் இணையாக ஓடுகின்றனவா, தண்டு வழவழப்பானதா, மயிர் உள்ளதா என்பதையெல்லாம் இரண்டு மீட்டரில் நின்றே குறித்துக்கொண்டேன். தண்டின் நடுவே கோலிக்குண்டு அளவில் உருண்டையாக வீங்கியிருப்பது ஓர் ஈயின் புழு உள்ளே குடியிருக்கும் வீடு. குளிர்காலத்தில் டவுனி மரங்கொத்தி வந்து அதைத் துளைத்துப் புழுவை எடுக்கும்.

ஒரு பூங்கொத்தில் தேனீ ஒன்று வெகுநேரம் அசையாமல் இருந்தது. குவித்துப் பார்த்தபோது, பூவின் மஞ்சளோடு மஞ்சளாக ஒரு நண்டுச் சிலந்தி அதன் கழுத்தைப் பிடித்திருந்தது. வெள்ளைப் பூவில் வெள்ளையாகவும் மஞ்சள் பூவில் சில நாட்களில் மஞ்சளாகவும் மாறக்கூடிய சிலந்தி அது. இங்கே இந்தக் கருவியின் நிறத் தூய்மையைச் சொல்ல வேண்டும். சில இருநோக்கிகள் எல்லாவற்றின்மீதும் இலேசான மஞ்சள் சாயத்தைப் பூசிவிடும். அப்படிப்பட்ட கருவியில் அந்தச் சிலந்தியைப் பூவிலிருந்து பிரித்துப் பார்த்திருக்க மாட்டேன். இதில் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. ஆஸ்டர் பூக்களின் நடுவட்டத்தில் இருக்கும் மஞ்சள் சிறுபூக்கள் முதிர்ந்தபின் செம்பழுப்பாக மாறுவதும், ஒரே செடியில் இரண்டு நிறமும் கலந்து நிற்பதும் தெளிவாகத் தெரிந்தன.

நிறம் சரியாகத் தெரிய வேண்டிய தேவை இந்தப் பருவத்தில் பறவைகளிலும் அதிகம். இனப்பெருக்கம் முடிந்து இறகுதிர்க்கும் பறவைகள் கையேட்டின் எந்தப் படத்தோடும் ஒத்துப்போவதில்லை. மல்லார்டு ஆண் வாத்துகள் பச்சைத் தலையை இழந்து பெண் வாத்து போலப் பழுப்பாகி, சிறகின் இறகுகள் ஒருசேர உதிர்வதால் சில வாரங்கள் பறக்கவும் முடியாமல் நாணலுக்குள் ஒதுங்கியிருக்கும். அப்போது ஆணைக் காட்டிக்கொடுப்பது அலகின் மஞ்சள் நிறம் மட்டுமே. நீல நிற இண்டிகோ பண்டிங் திட்டுத் திட்டாகப் பழுப்பாகும். சிவப்பு டானேஜர் செம்மையும் பச்சையும் கலந்து ஒட்டுத்துணி போல நிற்கும். இவற்றை இலை நிழலில், பாட்டின் உதவியின்றி, இரண்டு நொடிப் பார்வையில் அடையாளம் காண வேண்டும். இந்த இருநோக்கி அந்த இடத்தில் என்னை ஏமாற்றவில்லை.

பின்வெளிச்சத்தில் அது ஏமாற்றியது. ஆகஸ்டில் தகைவிலான்கள் மின்கம்பிகளில் நூற்றுக்கணக்கில் கூடி, வலசை புறப்படும்வரை அலகால் இறகு நீவிக்கொண்டிருக்கும். வெண்மேக வானத்துக்கு எதிரே கறுத்த உருவங்களாக அவை வரிசையாக அமர்ந்திருக்கையில், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊதா நிறக் கீற்று ஒன்று தெரிந்தது. வட்டத்தின் விளிம்பை நோக்கிப் போகப்போக அது தடித்தது. நிறப்பிரிகையைக் குறைக்கும் உயர்தரக் கண்ணாடி இதில் இல்லை என்பதே காரணம். மரக்கிளையில் இருக்கும் பறவைக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் கம்பியில் இருக்கும் இளம் மரத் தகைவிலானின் மார்பில் உள்ள மங்கிய சாம்பல் தீற்றலுக்கும், மணற்கரைத் தகைவிலானின் மார்பில் உள்ள தெளிவான பட்டைக்கும் இடையிலான வேறுபாடுதான் அடையாளமே என்னும்போது, அந்த ஊதாக் கீற்று நிஜமான குறை. பறவையை வட்டத்தின் நடுவில் வைத்துக்கொள்வதும், சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி பாதையின் மறுபக்கம் போய் நிற்பதும் ஓரளவு உதவின.

சேற்றுக்குளத்தில் எட்டு மடங்கு போதவில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆர்க்டிக்கில் கூடு முடித்த கரைப்பறவைகள் நாம் கோடையின் நடுவில் இருப்பதாக நினைக்கும் ஜூலையிலேயே தெற்கே வரத் தொடங்கிவிடுகின்றன. முதலில் இறகு நைந்த முதிர்ந்த பறவைகள் வரும். ஆகஸ்டில், ஒவ்வோர் இறகுக்கும் வெளிர் விளிம்பு கட்டி, செதில் போட்டது போல் புத்தம்புதிதாகத் தோன்றும் இளம்பறவைகள் வரும். அவற்றில் மிகச் சிறிய இரண்டு உள்ளான்களைப் பிரிப்பது கால் நிறம்: உலகின் மிகச் சிறிய கரைப்பறவையான லீஸ்ட் உள்ளானுக்கு மஞ்சள் சார்ந்த கால், செமிபால்மேட்டட் உள்ளானுக்குக் கறுத்த கால். காலில் சேறு ஒட்டிவிட்டால் மஞ்சளும் கறுப்பாகத்தான் தெரியும். அறுபது மீட்டருக்கு அப்பால் எட்டு மடங்கில் நான் செதில் விளிம்பைக் கண்டேன். கால் நிறத்தை உறுதி செய்ய முடியவில்லை. பக்கத்தில் நின்ற நண்பர் பத்து மடங்கில் பார்த்துச் சொன்னார். பிறகு அவரும் முக்காலியில் வைத்த தொலைநோக்கியில் பார்த்துத் தன் சொல்லைத் திருத்திக்கொண்டார். காலை ஒன்பது மணிக்குமேல் சேற்றின்மீது வெப்பக்காற்று நெளியத் தொடங்கியதும் யாருடைய கருவியிலும் எதுவும் தெளிவாக இல்லை. அந்த நெளிவை அதிக உருப்பெருக்கம் இன்னும் பெரிதாக்கிக் காட்டுவதால், உச்சி வேளையில் பத்து மடங்குக்காரருக்கும் எட்டு மடங்குக்காரருக்கும் கிடைப்பது ஒன்றுதான். கரைப்பறவைகளுக்காகவே நடப்பவர்கள் இதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

அந்தி வெளிச்சம் மற்றோர் எல்லை. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×32-க்கு அது நான்கு மில்லிமீட்டர்; 8×42-க்கு ஐந்தே கால். பகலில் நம் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குமேல் விரிவதில்லை என்பதால் நான்கே தாராளம். சூரியன் மறைந்தபின் கண்மணி விரியும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்து மாலைகளில் நைட்ஹாக் எனப்படும் பக்கிகள் கூட்டமாகத் தெற்கே கடக்கும். சிறகின் குறுக்கே உள்ள வெண்பட்டைதான் அவற்றின் அடையாளம். வெளிச்சம் இருந்தவரை அந்தப் பட்டையை நன்றாகப் பார்த்தேன். பறவைகள் தாழ்ந்து மரவரிசையின் இருட்டுக்குமுன் வந்த பிறகு, 8×42 வைத்திருந்தவர் இன்னும் சில நிமிடங்கள் எண்ணிக்கொண்டிருந்தார், நான் கருவியை இறக்கிவிட்டேன். அந்தச் சில நிமிடங்களுக்காக நாள் முழுவதும் கூடுதல் எடையைச் சுமக்க எனக்கு மனமில்லை. அந்தி நேரமே உங்கள் பொழுதென்றால் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம்.

உடலமைப்பு உறுதியானது. உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பதால் இரண்டு முறை மழையில் நனைந்தும் உட்புறம் பனி படியவில்லை. குளிரூட்டிய காரிலிருந்து ஈரக்காற்றில் இறங்கும்போது வெளி வில்லையில் படியும் ஆவி எந்தக் கருவிக்கும் பொது. பத்து நிமிடம் முன்பே கருவியைப் பையிலிருந்து எடுத்து வெளிக்காற்றில் வைத்தால் அது நேராது. கொசுவும் உண்ணியும் அண்டாமலிருக்கக் கையில் பூசும் டீட் மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும் தன்மை உடையது. அந்தக் கையோடு இருநோக்கியைத் தொட்டால் ரப்பர் உறை பிசுபிசுத்துப் பாழாகும். உள்ளங்கையில் படாமல் புறங்கையால் மருந்தைத் தேய்த்துக்கொள்ளும் வழக்கத்துக்கு நான் மாறிவிட்டேன்.

எனக்கு நேர்ந்த குறை ஒன்று உண்டு. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் உள்ளே இறக்கியும், அணியாதவர்கள் வெளியே இழுத்தும் வைக்கும் ரப்பர் வளையத்தில் இடப்பக்கத்தது மூன்றாம் வாரத்திலேயே பிடிப்பு இழந்து, கண்ணில் வைத்த உடனே உள்ளே சரியத் தொடங்கியது. தயாரிப்பாளருக்கு எழுதினேன். பதில் வர இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு கேள்வி கேட்காமல் புதிய வளையம் அனுப்பினார்கள், நானே திருகி மாட்டிக்கொண்டேன். பொருள் கிடைத்தது சரி. ஆனால் பருவமே எட்டு வாரம் என்னும்போது அந்த இரண்டு வாரங்கள் எனக்குப் பெரிது. அவற்றில் ஹம்மிங்பேர்டுகளின் உச்ச நாட்களும் அடங்கும். வலக்கண் பார்வையைச் சரிசெய்யும் வளையமும் சற்றுத் தளர்வுதான். பையில் உரசி அது நகர்ந்துவிட்டதை அறியாமல் ஒரு காலை முழுவதும் தலைவலியோடு பார்த்தேன். இப்போது சரியான இடத்தில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

கருவியோடு வந்த கழுத்துப்பட்டை மெல்லியது. அதைக் கழற்றிவிட்டு, இரு தோளிலும் எடை பரவும் பட்டையை மாட்டிக்கொள்வது நல்லது. கையேட்டில் இல்லாத ஒரு பயனையும் சொல்லிவிடுகிறேன். இருநோக்கியைத் திருப்பிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் பொருளுக்கு ஓரிரு விரல்கடை தூரத்தில் கொண்டுபோய், பெரிய வில்லை வழியாகப் பார்த்தால் அது நல்ல உருப்பெருக்கியாக வேலை செய்யும். உதிர்ந்து கிடந்த மில்க்வீட் பூ ஒன்றை உள்ளங்கையில் வைத்து அப்படித்தான் பார்த்தோம். ஐந்து கிண்ணங்களும், ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் வளைந்து எழும் ஒரு கொம்பும், நம் எருக்கம்பூவின் கிரீடத்துக்கு உறவு என்று பார்த்த உடனே தெரிந்தது.

பார்த்தவற்றைப் பதிவதிலும் மாற்றம் ஏற்பட்டது. பறவைப் பட்டியலை 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்திலும், பூக்களையும் பூச்சிகளையும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் ஏற்றி வருகிறேன். முன்பெல்லாம் என் ஆகஸ்ட் பட்டியல்கள் பன்னிரண்டு, பதினைந்து பறவைகளோடு வறண்டு கிடக்கும். பறவைகளின் எண்ணிக்கை இப்போதும் அவ்வளவுதான். ஆனால் குறிப்புப் பகுதியில், எந்தப் பறவை எந்தச் செடியில் என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுத விஷயம் இருக்கிறது: கோல்டுஃபிஞ்ச் – திசில் விதை; ஹம்மிங்பேர்டு – ஜுவல்வீட்; சீடார் வாக்ஸ்விங் – காட்டுச் செர்ரிப் பழம், கூடவே வாய் பிளந்த குஞ்சுகள் இரண்டு.

காடும் வயலும் ஓடையும் கலந்த பாதையில் நடப்பவர்களுக்கு, பூவையும் பறவையையும் ஒரே நடையில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, பல மணி நேரம் கழுத்தில் சுமக்க வேண்டியவர்களுக்கு இந்த 8×32 இருநோக்கியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போது கடையின் வாசலில் நின்று எதிர்க்கட்டடத்துப் பெயர்ப்பலகையைப் படித்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், உங்கள் செருப்பு முனையை நோக்கி அதைக் குவியுங்கள். செருப்பின் தையல் தெளிவாகத் தெரியாத கருவியைக் கோடை இறுதிக்கு வாங்க வேண்டாம். பழைய 10×42-ஐ நான் விற்கவில்லை. சேற்றுக்குளத்துக்கு மட்டும் போகும் காலைகளில் அதைத்தான் எடுத்துச் செல்கிறேன்.